பொறியியல் ஆசிரியர் பல்கலைக்கழகத் தலைவரானால்: சுப்ரா சுரேஷ் பற்றிய கேள்வி பதில்

ஐயா, சுப்ரா சுரேஷ் எந்தப் படிகள் வழியாகத் தலைவர் பதவிக்கு வந்தார்? (முதுகலை மாணவி)

சென்னை ஐஐடியில் 1977இல் இயந்திரப் பொறியியல் பட்டம், அயோவாவில் முதுகலை, 1981இல் எம்ஐடியில் (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) முனைவர் பட்டம். 1983இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. அங்கே அவர் கையில் எடுத்தது உலோகச் சோர்வு. ஒரே அடியில் உடைக்க முடியாத சுமைகூட, திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் விரிசலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திவிடும். விமானச் சட்டத்துக்கும் பாலத்துக்கும் உயிர்நாடியான பிரச்சினை அது. 1991இல் அதைப் பற்றி அவர் எழுதிய பாடநூலை இத்துறையினர் இன்றும் புரட்டுகிறோம்.

1993இல் எம்ஐடி. 2000இல் பொருளறிவியல் துறைத்தலைவர், 2007இல் பொறியியல் புல டீன், 2010இல் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அரசு அமைப்பான அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநர், 2013இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத் தலைவர், 2018இல் சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தலைவர். பதவிப் பட்டியலைப் பார்த்து மயங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: ஆசிரியரானதற்கும் துறைத்தலைவரானதற்கும் நடுவே 17 ஆண்டுகள்.

நான் உதவிப் பேராசிரியர், பணியில் மூன்றாம் ஆண்டு. நிர்வாகப் பொறுப்புகளை இப்போதே கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். அந்த 17 ஆண்டுகளில்தான் எல்லாம் இருக்கிறது. ஆய்வில் எடை இல்லாதவர் டீன் நாற்காலியில் அமர்ந்தால் துறையினர் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

அங்கே தலைவர் என்பவர் நம் துணைவேந்தருக்குச் சமமா?

ஏறக்குறைய. அமெரிக்காவில் அறங்காவலர் குழு தேர்ந்தெடுக்கிறது. நிதி திரட்டுவது தலைவரின் பெரும் வேலை. பாடத்திட்டத்தையும் ஆசிரியர் நியமனத்தையும் பெரும்பாலும் கல்விப் பணிகளின் தலைமை அதிகாரியான புரோவோஸ்ட் கவனிப்பார். நம்மிடமும் இந்த மரபு உண்டு. நீரியல் அறிஞர் வா.செ. குழந்தைசாமி மதுரை காமராசர், அண்ணா பல்கலைக்கழகங்களிலும் பிறகு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் (இக்னோ) துணைவேந்தராக இருந்தார்.

தலைவரானபின் ஆராய்ச்சி செத்துவிடும், கட்டுரையில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறேன். மறுப்பீர்களா? (ஓர் ஆய்வாளர்)

கடுமையாக மறுக்கிறேன். 2018 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் சுரேஷும் சக ஆய்வாளர்களும் எழுதிய வைரக் கட்டுரையைப் படியுங்கள். அப்போது அவர் நான்யாங் தலைவர். சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள வைர ஊசிகளை வைர முனையால் பக்கவாட்டில் அழுத்தினார்கள். ஊசி வளைந்தது. விட்டதும் நிமிர்ந்து பழைய வடிவத்துக்கு வந்தது. ஏறத்தாழ 9 விழுக்காடு வரை நீட்சி! சாதாரண வைரம் அதற்கு வெகு முன்பே சில்லுச் சில்லாகிவிடும்.

அது இளம் ஆய்வாளர்களின் உழைப்பு. அவர் கை அங்கே இல்லை. (அதே ஆய்வாளர்)

நுண்ணோக்கியில் இருந்த கைகள் அவர்களுடையவை, சரி. ஆனால் ஒரு திடப்பொருள் எவ்வளவு தாங்கும், எங்கே விட்டுக்கொடுக்கும் என்ற கேள்வி யாருடையது? துறைத்தலைவராக இருந்தபோதே அவர் அதை உலோகத்திலிருந்து இரத்தத்துக்குக் கொண்டுபோனார். இரத்தச் சிவப்பணுவின் இரு பக்கமும் நுண்மணிகளை ஒட்டி, லேசர் ஒளியையே இடுக்கியாக்கி இழுத்துப் பார்த்தது அவர் குழு. மலேரியாக் கிருமி புகுந்து முற்றிய அணு, நலமான அணுவைவிடப் பத்து மடங்கு வரை விறைப்பாக இருந்தது. விறைத்த அணு நுண்குழாய்களில் நெளிந்து போக முடியாமல் அடைத்துக்கொள்ளும். வைர ஊசியையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். பல ஆண்டு வளர்த்த ஒரே பார்வை இரண்டிலும் தெரியும். பதவிக்கு வந்தபின் கடன் வாங்கிய பெயரால் அது வராது.

ஜான் ஹென்னஸி ஸ்டான்ஃபோர்டில் தலைவரானபின் ஆய்வு செய்தாரா? (இன்னொருவர்)

நல்ல எதிர்வாதம். கணினிக் கட்டமைப்பில் அவருடைய பெரும் பங்களிப்பு 1980களில். 2000 முதல் 2016 வரை தலைவர். கணினி அறிவியலின் உயரிய பரிசான டூரிங் விருது 2017ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது அந்தப் பழைய பணிக்குத்தான். அவர் விஷயத்தில் ஆய்வாளர் சொல்வது ஓரளவு பொருந்தும். சுரேஷ் விஷயத்தில் பொருந்தாது.

தலைவராக எத்தனை ஆண்டு நிர்வாக அனுபவம் வேண்டும்?

மேலே சொன்னேன். நிர்வாக ஆண்டுகளை எண்ணாமல், அதற்கு முந்தைய அந்த 17 ஆண்டு ஆய்வைப் பாருங்கள்.

நான்யாங்கில் சேர விண்ணப்பிப்பது எப்படி?

அவர்களுடைய சேர்க்கைப் பிரிவைக் கேளுங்கள்.

ஆறு ஆண்டுப் பதவியான அறிவியல் அறக்கட்டளை இயக்குநர் பொறுப்பை சுரேஷ் இடையில் விட்டது சரியா?

2013 மார்ச்சில் விலகி கார்னகி மெலனுக்குப் போனார். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் ஆய்வகக் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல ஆய்வாளர்களைப் பழக்கும் ஐ-கோர் திட்டம் அவர் காலத்தில், 2011இல் தொடங்கியது. அவர் போனபின்னும் அது தொடர்ந்தது. இன்னும் ஓரிரு ஆண்டு இருந்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.