எரிவாயு கேள்வி-பதில்: எண்ணூரில் இறங்குவது யாருடைய வாயு?

எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் வந்த பிறகு நமக்குத் தட்டுப்பாடே வராதுதானே? (திருவொற்றியூர்)

அது வாசல், கிடங்கு அல்ல. 2019-ல் திறந்த அந்த முனையத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் எல்.என்.ஜி., அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை வாயு, இறக்கலாம். மணலி உரத் தொழிற்சாலை நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் திரவம்) விட்டு வாயுவுக்கு மாறியது அதனால்தான். ஆனால் இறங்குவது அத்தனையும் கப்பலில் டாலர் கொடுத்து வாங்கியது. கப்பல் நின்றால் தொட்டியில் இருப்பது சில நாட்களுக்குத்தான்.

உள்நாட்டில் வாயு எடுத்தால் சிலிண்டர் விலை குறையுமா சார்? (வியாசர்பாடி)

எந்த வாயு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி., அதாவது அழுத்தித் திரவமாக்கிய புரொப்பேன், பியூட்டேன்; கிணற்றில் வருவது பெரும்பாலும் மீத்தேன். எல்.பி.ஜி.யில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து வருகிறது. அந்த மீத்தேன் குழாய் வாயுவாக வீட்டுக்கு வந்தால்தான் சிலிண்டர் தேவை குறையும்.

ஆந்திரக் கடலில் பெரிய வாயு வயல் கிடைத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. இனி இறக்குமதியே வேண்டாமா? (மணலி புதுநகர்)

எந்த ஆண்டுச் செய்தி, எந்த வயல் என்று பார்த்தீர்களா? கண்டுபிடிப்பு வேறு, எடுக்கக்கூடிய இருப்பு வேறு, தினமும் குழாயில் வருவது வேறு. இதைக் கலந்து பேசியே நாடு ஒரு முறை பெரிய விலை கொடுத்துவிட்டது.

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் கே.ஜி.-டி6 வயல் 2009-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது நாளுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்றார்கள். 2010-ல் 6 கோடியை எட்டியது. அப்புறம் கிணறுகளில் அழுத்தம் விழுந்தது, தண்ணீரும் மணலும் ஏறின. நாலைந்து ஆண்டில் ஒன்றரைக் கோடிக்கும் கீழே போய்விட்டது. அந்த வாயுவை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய மின் நிலையங்கள் முடங்கின. நாட்டில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் வாயு மின்திறன் இருந்தும் பெரும்பகுதி இன்றும் சும்மாதான் கிடக்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

அதற்காக உள்நாட்டு வாயு வீண் என்று சொல்லவில்லை. 2020-க்குப் பிறகு அதே பகுதியில் புதிய ஆழ்கடல் கிணறுகள் வந்தன. உள்நாட்டு உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான். மொத்தத் தேவையில் ஏறக்குறைய பாதி நம் மண்ணிலும் கடலிலும் கிடைக்கிறது. அந்தப் பாதியின் அருமை 2022-ல் தெரிந்தது. உக்ரைன் போரால் ஐரோப்பா எல்.என்.ஜி. கப்பல்களை அள்ளிக்கொண்டபோது உடனடிச் சந்தை விலை யூனிட்டுக்கு (பத்து லட்சம் பி.டி.யு. என்ற வெப்ப அளவு) 50 டாலரையும் தாண்டியது. நம் பழைய வயல்களின் வாயு 10 டாலருக்குள் இருந்தது. எரிசக்திப் பாதுகாப்பு என்பது இதுதான். வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

காவிரிப் படுகையில் இன்னும் தோண்டினால் என்ன? (மீஞ்சூர்)

நரிமணம், குத்தாலம் பக்கம் பழைய கிணறுகள் ஓடுகின்றன. புதிதாகத் தோண்டுவதற்கு 2020-ன் வேளாண் மண்டலச் சட்டம் தடை. அங்கே கிடைக்கும் அளவு சின்னது. அதற்காக நெல் வயலைப் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

குழாய் வாயு வந்தாச்சு. பழைய அடுப்பு நாசிலை நானே பெரிதாக்கலாமா? (தண்டையார்பேட்டை)

கூடவே கூடாது, தம்பி. எந்த வாயுவோ அதற்கேற்ற நாசிலை நிறுவனத்தின் ஆள் வந்து மாற்றட்டும். மீட்டர் வால்வை எப்படி மூடுவது என்று அவர் முன்னாலேயே வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுறை மூடிப் பாருங்கள்.