வலிப்பது ஊசியா, மருந்தா?

(வாசகர்களின் பல் சந்தேகங்களுக்கு, கோத்தகிரியில் 22 ஆண்டுகளாகப் பல் வைத்தியம் பார்க்கும் நம் மருத்துவரின் பதில்கள்)

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். எனக்கு 47 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழே ஒரு கிளினிக்கில் மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதுகூடத் தெரியவில்லை, அண்ணத்தில் போட்ட ஊசியில்தான் உயிர் போய்விட்டது. இப்போது பக்கத்துப் பல்லும் சொத்தை, ரூட் கெனால் செய்ய வேண்டுமாம். பயத்தில் கிராம்பு வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வலிக்காத ஊசி வந்திருப்பதாக மகள் சொல்கிறாள். நிஜமா? மெல்லிய ஊசியாகப் போடுங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. ஆனால் மெல்லிய ஊசி வேண்டும் என்பதைவிட, மெதுவாகப் போடுங்கள் என்று கேளுங்கள். வலி அதில்தான் அதிகம் குறையும்.

பல்லுக்கு நாங்கள் பெரும்பாலும் எடுப்பது 27 கேஜ், 30 கேஜ் ஊசிகள். எண் ஏற ஏற ஊசி மெல்லிசு. 27 என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிமன், 30 என்றால் 0.3. எது எந்த ஊசி என்று சொல்லாமல் போட்டுப் பார்த்த ஆய்வுகளில், குத்து வாங்கியவர்களால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. மெல்லிய ஊசிக்கு ஒரு குறையும் உண்டு. கீழ்த்தாடை நரம்புக்குப் போடும்போது ஊசி கிட்டத்தட்ட ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் வழியில் வளைந்து இடம் தப்பும், அப்புறம் இன்னொரு குத்து. அதனால் கீழ்ப்பல்லுக்கு 27-ஐ எடுக்கும் டாக்டரைப் பார்த்து பயப்படாதீர்கள், அவர் சரியாகத்தான் செய்கிறார்.

புது ஊசிகளில் உண்மையான முன்னேற்றம் இரண்டு. ஒன்று, நுனி. கவாத்து அடிக்கிற உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீட்டின கத்தி கிளையை வழுக்கிக்கொண்டு வெட்டும், மழுங்கினது பட்டையைக் கிழிக்கும். இப்போது ஊசி நுனியை மூன்று பட்டையாகச் சீவி, மேலே சிலிக்கோன் பூசி வழவழப்பாக்குகிறார்கள். இரண்டாவது, உள்துளை. வெளித்தடிமனைக் கூட்டாமல் சுவரை மட்டும் மெல்லிசாக்கினால் துளை பெரிதாகும். துளையின் அகலம் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்தில் 16 மடங்கு மருந்து போகும். அவ்வளவு வேண்டாம், கொஞ்சம் பெரிதானாலே டாக்டர் பிஸ்டனை இறுக்கித் தள்ள வேண்டியதில்லை, மருந்தும் பீய்ச்சியடிக்காது.

ஆனால் எந்த நல்ல ஊசியும் நாலைந்து குத்தில் மழுங்கிவிடும். எலும்பில் பட்டால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை அப்படிப் பட்ட ஊசியைப் பஞ்சின் மேல் இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல் அதில் மாட்டிக்கொண்டு வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கியிருந்தது. அதே ஊசியால் இன்னொரு தடவை குத்தினால், வெளியே எடுக்கும்போது சதையைக் கீறிக்கொண்டுதான் வரும். ஒரே ஆளுக்குப் பல குத்து தேவைப்பட்டால் நடுவில் ஊசியை மாற்றுவது என் வழக்கம். ஓர் ஊசியின் விலைக்காக ஒருவர் வலி தாங்க வேண்டுமா?

அண்ணத்துக்கு வருகிறேன். கன்னத்தின் உள்பக்கச் சதை தளர்வானது, மருந்து பரவ இடம் இருக்கிறது. அண்ணத்துத் தோலோ எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கே அவசரமாகத் தள்ளினால் மருந்து தோலை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டுதான் நுழையும். உங்கள் உயிர் போனது அதனால்தான். செய்ய வேண்டியது இது: குத்தப் போகும் இடத்தில் மரத்துப்போகும் ஜெல் தடவி ஒன்றிரண்டு நிமிஷம் விட வேண்டும். பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை வெளிறிப்போகும் அளவுக்கு அழுத்திப் பிடித்து, அதை ஒட்டியே ஊசியை வைக்க வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாக. அண்ணத்துக்குக் கால் மில்லி போதும். மற்ற இடங்களிலும் ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்தது. வெளியே கூட்டம் காத்திருக்கும்போது அந்த ஒரு நிமிஷம்தான் முதலில் போய்விடுகிறது. அது எனக்கு நெடுநாளாக வருத்தம்.

நம் மலைக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற காலையில், அலமாரியில் இருக்கும் மருந்து எப்படி இருக்கும்? ஐஸ்தான். குளிர்ந்த மருந்து உடல் சூட்டில் இருக்கும் மருந்தைவிட அதிகம் வலிக்கும். என் உதவியாளர் காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய மருந்துப் புட்டியை ஸ்வெட்டரின் உள்பையில் போட்டுக்கொள்வார். நான் கையில் வாங்கும்போது அது அவர் உடம்புச் சூட்டில் இருக்கும். வெந்நீரில் போட்டுச் சுடவைப்பதெல்லாம் கூடாது, இந்தச் சூடு போதும். எரிச்சலுக்கு வேறொரு காரணமும் உண்டு. மரப்பு நீடிக்க அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து கெடாமல் இருக்க அதை அமிலமாகவே வைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஆரஞ்சுச் சாறு அளவுக்கு. போடும் முன் சோடியம் பைகார்பனேட் சேர்த்து இதைத் தணிக்கும் முறை இருக்கிறது.

மகள் சொன்னது கம்ப்யூட்டர் ஊசியாகவும் இருக்கலாம். ‘தி வாண்ட்’ என்ற கருவி 1997-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. பேனா மாதிரி பிடித்துக்கொண்டால் இயந்திரமே சீராக, மிக மெதுவாக மருந்தை விடும். நல்ல கருவிதான். ஆனால் அது செய்வது பொறுமையான ஒரு கை செய்கிற வேலையைத்தான்.

கிராம்பு வைத்து நாள் கடத்தாதீர்கள். சீழ் பிடித்த பல்லைச் சுற்றிலும் சதை அமிலமாகிவிடும், அங்கே மரப்பு மருந்து சரியாக ஏறாது. நீங்கள் பயப்படுகிற வலியைத் தள்ளிப்போடுவதே வளர்த்துவிடும். இந்த வாரமே போங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் போன தடவை நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்குப் பல் எடுக்க வேண்டும். ஊசியைப் பார்த்தாலே கத்துகிறான். ஏதாவது வழி?

பதில்: அடிபட்ட இடத்தைக் கையால் தேய்த்துவிடுகிறோம் இல்லையா? தொடு உணர்வு போகும்போது வலி உணர்வுக்கு வழி அடைபடுகிறது என்று மெல்சாக், வால் என்ற வலி ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1965-ல் விளக்கினார்கள். ஈறுக்குப் பக்கத்தில் அதிர்வு தரும் கருவிகள் இந்த எண்ணத்தில்தான் செய்யப்படுகின்றன. நான் பிள்ளையின் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே போடுவேன். நீங்கள் வீட்டில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் உதடு தடிச்சுப் போன மாதிரி இருக்கும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது.

ஊசி போட்டு வந்தபின் மூன்று மணி நேரம் போல உதடு மரத்திருக்கும். அதுவரை வர்க்கியும் சூடான டீயும் வேண்டாம். மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு மறுநாள் வரும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குன்னூரில் வேன் ஓட்டுகிறேன். பல் ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கு அலர்ஜியா?

பதில்: பெரும்பாலும் இல்லை தம்பி. மரப்பு நீடிக்க மருந்தில் 80,000-க்கு ஒரு பங்கு அட்ரினலின் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அதில் கொஞ்சம் ரத்தக் குழாய்க்குள் போனாலும், பயத்தில் உடம்பே சுரந்தாலும் நெஞ்சு அடிக்கும், சில நிமிஷத்தில் அடங்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் மருந்தைத் தள்ளும் முன் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்போம். தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் மட்டும் அது வேறு விஷயம், கட்டாயம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிபிக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால், அடுத்த முறை மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.