உதுமானியப் பேரரசு பற்றிய அரிய நூல்களைச் சேகரிப்பவர் வாங்கும்முன் எதைச் சோதிக்க வேண்டும்?

நூல் முழுமையாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அட்டையின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்ராகிம் முத்தெஃபெரிக்கா இஸ்தான்புல்லில் 1729 முதல் 1742 வரை தம் அச்சகத்தில் வெளியிட்ட 17 நூல்கள் சேகரிப்பாளர்களின் பெருங்கனவு எனலாம். அவற்றுள் ஒன்று, 1732இல் அச்சான காத்திப் செலெபியின் ‘ஜிஹான்நுமா’ என்னும் புவியியல் நூல். பழைய நூல்களிலுள்ள நிலப்படங்களைத் தனியே விற்பதற்காக வெட்டியெடுத்துவிடும் வழக்கம் உண்டு என்பதால், இத்தகைய நூலை வாங்குபவர் ஒவ்வொரு படத்தையும் நல்லதொரு நூலகப் பட்டியலோடு ஒப்பிடுவதோடு, தையலை ஒட்டி வெட்டுப்பட்ட தாள்விளிம்பு ஏதும் எஞ்சியிருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்க்க வேண்டும்.

இத்தகைய நூல்களின் விலை கட்டுப்படியாகாதவர்கள், ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் ஹாமர் புர்க்ஸ்டால் ஜெர்மன் மொழியில் எழுதி 1827 முதல் 1835 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த உதுமானிய வரலாற்றை நாடலாம். அதையும் உதிரித் தொகுதிகளாக வாங்கிச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நூற்கட்டும் தாளின் நிறமும் ஒன்றோடொன்று ஒத்துவருவது அபூர்வம்.