அழைப்பிதழில் ‘செலிபிரிட்டி’: யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு மூன்று மொழியில் அழைப்பிதழ் அடிக்கிறோம். வானொலி அறிவிப்பாளர் ஒருவர், சென்னையிலிருந்து வரும் நடிகை, ஓய்வுபெற்ற பேராசிரியர், டத்தோ (மலேசிய விருதுப் பட்டம்) ஒருவர் என நான்கு பேர் வருகிறார்கள். நால்வரையும் ஆங்கிலத்தில் ‘செலிபிரிட்டி கெஸ்ட்ஸ்’ என்றும், தமிழில் ‘பிரபலங்கள்’ என்றும், மலாயில் ‘ஆர்ட்டிஸ்’ என்றும் போட்டிருக்கிறோம். சரிதானா?

பதில்: அறிவிப்பாளருக்கும் நடிகைக்கும் ஆங்கிலச் சொல் பொருந்தும். பேராசிரியருக்கும் டத்தோவுக்கும் பொருந்தாது. மலாய்ச் சொல்லை மாற்றியே ஆக வேண்டும்.

‘செலிபிரிட்டி’யின் லத்தீன் வேருக்குக் கூட்டம் மொய்ப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் ‘புகழ்’ என்ற தன்மையைத்தான் அது குறித்தது. புகழ் பெற்ற ஆளையே குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். கூட்டத்தின் வாசனை இன்னும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை. ஒருவர் கடைக்குப் போகிறார். முன்பின் தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டு கைப்பேசியை எடுக்கிறார்கள் என்றால் அவர் செலிபிரிட்டி. அவருடைய திறமை, தகுதி பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

பினாங்கிலிருந்தே இருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு முறை உலக ஸ்குவாஷ் வாகையரான நிக்கோல் டேவிட்டை ‘ஸ்போர்ட்ஸ் செலிபிரிட்டி’ எனலாம்; முகம் பார்த்தாலே நாட்டில் தெரியும். 1879இல் பிறந்த மருத்துவர் வூ லியென் தே, மஞ்சூரியாவில் 1910–11இல் பரவிய நுரையீரல் பிளேக்கைக் கட்டுப்படுத்தியவர்; துணியும் பஞ்சும் அடுக்கிய முகக்கவசத்தை மருத்துவப் பணியாளர்களை அணிய வைத்தவர். அவரைச் செலிபிரிட்டி என்றால் காதில் உறுத்தும். ‘செலிபிரேட்டட்’ அல்லது ‘எமினென்ட்’ என்பதே அவருக்குரிய அடைமொழி. செய்த வேலைக்காகப் போற்றப்படுபவர் என்று பொருள். உங்கள் பேராசிரியர் இந்த வரிசையில் வருபவர்.

இன்னொரு குழப்பம் ‘ஃபேமஸ்’, ‘பாப்புலர்’ இரண்டிலும் வருகிறது. தமிழில் இரண்டுக்கும் ‘பிரபலம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ‘பாப்புலர் டீச்சர்’ பிள்ளைகளுக்குப் பிடித்த ஆசிரியர். அடுத்த பள்ளியில் அவரை யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ‘ஃபேமஸ்’ பலருக்கும் தெரிந்தவர். பிடிக்குமா என்பது வேறு. ‘நொட்டோரியஸ்’ கெட்ட காரியத்துக்குப் பேர்போனவர். மறந்தும் விருந்தினர் பெயர் பக்கம் கொண்டுவராதீர்கள்.

எழுத்துப் பிழை பன்மையில்தான் அதிகம். தனியே வரும்போது கடைசி ஒய் போய் ஐ-இ-எஸ் வரும். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் ஒருமையாகவே நிற்கும்: நீங்கள் போட்ட ‘செலிபிரிட்டி கெஸ்ட்ஸ்’ சரி, ‘செலிபிரிட்டீஸ் கெஸ்ட்ஸ்’ தவறு. ‘செலிபிரிட்டி பெர்சன்’ வேண்டாம். ஆள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேடையில் படிப்பவர் இரண்டாவது அசையை அழுத்த வேண்டும்: செ-லெப்-ரி-ட்டி. ‘செலிபிரேட்’டில் அழுத்தம் முதல் அசைக்கு. அந்தப் பழக்கத்தில் பலர் இதையும் அப்படியே இழுத்துவிடுகிறார்கள்.

மலாயில் ‘ஆர்ட்டிஸ்’ பாடகர், நடிகர் போன்ற கலைஞரைக் குறிக்கும். நடிகைக்கு ஒத்துவரும்; பேராசிரியருக்கும் டத்தோவுக்கும் போட்டால் விபரீதம். மலாயிலும் ‘செலெப்ரிட்டி’ உண்டு, ஆனால் வரிசை தலைகீழ்: விருந்தினரைக் குறிக்கும் ‘தெத்தாமு’ முதலில் வந்து ‘தெத்தாமு செலெப்ரிட்டி’ ஆகும். ‘பலர்’ எனப் பொருள்படும் ‘ராமாய்’ முன்னால் வந்தால், பன்மைக்காகச் சொல்லை இரட்டிக்கக் கூடாது. ‘ராமாய் செலெப்ரிட்டி’ போதும். மலாய் ‘ஆர்ட்டிஸ்’ நினைப்பில் ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். ஓவியரையோ இசைக்கலைஞரையோதான் வாசகர் நினைப்பார்.

தமிழில் ‘பிரபலங்கள்’ அஃறிணை வடிவம். ஆளைக் குறிப்பதால் ‘பிரபலங்கள் வருகின்றனர்’ என்று உயர்திணை வினையே போடுங்கள். முன்னால் அடை வந்தால் ‘திரைப் பிரபலம்’, ‘தொலைக்காட்சிப் பிரபலம்’ என ஒற்று மிகும். பதவியால் மதிக்கப்படுபவர் ‘பிரமுகர்’. டத்தோவுக்கு அதுதான் பொருந்தும்.

ஆகவே தலைப்பை மூன்றாகப் பிரியுங்கள். டத்தோவுக்கு ஆங்கிலத்தில் ‘கெஸ்ட் ஆஃப் ஹானர்’, மலாயில் ‘தெத்தாமு கெஹோர்மாட்’, தமிழில் ‘சிறப்புப் பிரமுகர்’. பேராசிரியருக்கு ‘டிஸ்டிங்விஷ்ட் கெஸ்ட்’, தமிழில் ‘சிறப்பு விருந்தினர்’. ஓய்வு பெற்றவர் என்பதற்காக ‘எமெரிட்டஸ்’ சேர்க்காதீர்கள். பல்கலைக்கழகம் வழங்கியிருந்தால் மட்டுமே அது அவருடையது. மற்ற இருவருக்கு ‘செலிபிரிட்டி கெஸ்ட்ஸ்’, தமிழில் ‘கலைத்துறைப் பிரபலங்கள்’.

ஆனால் தனித்தனிப் பெயருக்கு முன்னால் ‘செலிபிரிட்டி’யோ ‘பிரபலம்’ என்றோ ஒட்டாதீர்கள். அது பட்டம் அல்ல. ‘நடிகை’, ‘வானொலி அறிவிப்பாளர்’ என்று தொழிலைச் சொல்வதே மரியாதை. டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ எல்லாம் வேறு வேறு விருதுகள். விருந்தினர் தரப்பிலிருந்தே ரோமன் எழுத்தில் முழுப் பெயரை எழுதி வாங்கி, அதைப் பார்த்தே அச்சுக்குக் கொடுங்கள்.