ஊழியர் கையில் நிறுவனப் பங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊழியர்களுக்கு நிறுவனத்தில் பங்கு தருவது பற்றி வந்த கடிதங்களுள் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்களின் விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி: தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆன மென்பொருள் நிறுவனம் ஒன்று எனக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. இப்போது வாங்குவதைவிட 20 சதவீதம் குறைந்த சம்பளம். அதற்கு ஈடாக 10,000 பங்குகளுக்கு இ.எஸ்.ஓ.பி. எனப்படும் ஊழியர் பங்கு உரிமை தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: 10,000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 10 லட்சம் என்றால் உங்களுடையது 1 சதவீதம். மொத்தம் 10 கோடி என்றால் 0.01 சதவீதம். ஆகவே முதலில் மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேளுங்கள். இதுவரை வெளியிட்டவை மட்டுமன்றி, ஊழியர்களுக்கென ஒதுக்கி வைத்தவை, பின்னாளில் பங்காக மாறக்கூடிய கடன்கள் ஆகியவற்றையும் சேர்த்த எண்ணிக்கை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். இதைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் பங்கை நம்பிச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்து, உங்கள் கைக்கு வருவது பங்கன்று. குறித்த விலையில் பிற்பாடு பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. அந்த உரிமையும் ஒரே நாளில் உங்களுடையதாகிவிடாது. 'வெஸ்டிங்' எனப்படும் ஏற்பாட்டில், பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் அது சிறிது சிறிதாகச் சேரும். முதல் ஆண்டு முடியும்போது கால்பகுதியும், அதன்பின் மாதந்தோறும் கொஞ்சமுமாகச் சேர்வதே பரவலான வழக்கம். பதினோராம் மாதம் விலகினால் ஒன்றும் கிடைக்காது.

சேர்ந்த பங்கும் அதே அளவில் நிற்பதில்லை. புதிய முதலீட்டாளர் வரும்போதெல்லாம் புதிய பங்குகள் வெளியிடப்படுவதால் பழைய பங்குதாரர்களின் விழுக்காடு குறையும். ஒவ்வொரு சுற்றிலும் நிறுவனத்தின் 20 சதவீதம் புதியவர்களுக்குச் சென்றால், உங்கள் 1 சதவீதம் இரண்டு சுற்றுகளுக்குப் பின் 0.64 சதவீதமாகியிருக்கும். நிறுவனத்தின் மதிப்பு அதைவிட வேகமாக உயர்ந்தால் இது இழப்பாகாது. ஆனால் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. முதலீட்டாளர்கள் வைத்திருப்பவை பெரும்பாலும் முன்னுரிமைப் பங்குகள். அவர்கள் 60 கோடி போட்டிருந்து நிறுவனம் 70 கோடிக்கு விற்கப்பட்டால், பொதுவாக அவர்களின் 60 கோடி முதலில் அவர்களுக்கே போய்விடும். மீதி 10 கோடியில்தான் நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் பங்கு. செய்தித்தாளில் வரும் மொத்த மதிப்பை உங்கள் விழுக்காட்டால் பெருக்கிப் பார்த்து மகிழ்வது இதனால்தான் பிழையாகிறது.

விட்டுக்கொடுக்கும் அந்த 20 சதவீதச் சம்பளம் மாதந்தோறும் உங்கள் கையில் ரொக்கமாக இருந்தால், அதைக் கொண்டு இந்த நிறுவனத்தின் பங்கை, பல ஆண்டுகளுக்கு விற்க முடியாது என்று தெரிந்தே, வாங்குவீர்களா என்று எண்ணிப் பாருங்கள். வாங்குவேன் என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் சேருங்கள். வேலை பிடித்திருக்கிறது, பங்கைப் பற்றி உறுதியில்லை என்றால், பங்கைக் குறைத்துக்கொண்டு சம்பளத்தை உயர்த்தித் தருமாறு கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: நான்கு ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து விலகுகிறேன். சேர்ந்திருக்கும் உரிமையை 90 நாட்களுக்குள் பணம் கட்டிப் பங்காக மாற்ற வேண்டும், இல்லையேல் அது இல்லாமல் போகும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்க வேண்டுமா?

பதில்: கடன் வாங்கி வாங்காதீர்கள். நீங்கள் பங்கின் விலையை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல நாடுகளில், உரிமையைப் பங்காக மாற்றும் நாளில் பங்கின் அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகவே கருதப்பட்டு வரிக்கு உள்ளாகிறது. சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால், விற்க முடியாத ஒன்றுக்காகக் கையிலிருக்கும் பணத்தை வரியாகக் கட்ட நேரிடும். 2000-ஆம் ஆண்டில் இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்தபோது அமெரிக்காவில் பல ஊழியர்கள் இதில்தான் சிக்கினார்கள்: உச்ச விலையில் பங்கைத் தமதாக்கி, விற்காமல் வைத்திருந்து, விலை வீழ்ந்தபின் பங்கின் மதிப்பைவிடப் பெரிய வரிக் கடனோடு நின்றார்கள்.

90 நாள் என்ற கெடு எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வது உங்களுக்கு உதவும். வரிச் சலுகை பெற்ற ஒருவகை உரிமையை வேலையை விட்ட மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்தினால்தான் அந்தச் சலுகை நிலைக்கும் என்பது அமெரிக்க வரிச் சட்டத்தின் விதி. அந்த விதிக்கு இடமில்லாத நாடுகளிலும் ஒப்பந்தங்களில் அதே கெடு இடம்பெறுவதுண்டு. சில நிறுவனங்கள் இப்போது இக்கெடுவைப் பல ஆண்டுகளாக நீட்டித் தருகின்றன. ஆகவே விலகல் கடிதம் கொடுக்கும் முன் கால நீட்டிப்பை எழுத்தில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், இழந்தாலும் குடும்பம் தடுமாறாது என்று சொல்லக்கூடிய அளவுக்கு மட்டும் ஒரு பகுதியை வாங்குங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக இயந்திர உதிரிபாகத் தொழிற்கூடம் நடத்துகிறேன். என் பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. போட்டி நிறுவனத்துக்கு விற்றால் என்னோடிருக்கும் நாற்பது தொழிலாளர்களும் வெளியே போக நேரிடும். அவர்களுக்கே விற்க விரும்புகிறேன். அவர்களிடமோ பணம் இல்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இந்தக் கேள்வியைத் தன் தொழிலாளர்களை மனத்தில் வைத்துக் கேட்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே நிறைவு தருகிறது.

நீங்கள் கேட்பதையே, 1956-இல் கலிஃபோர்னியாவில் ஓய்வுபெறும் நிலையிலிருந்த பத்திரிகை நிறுவன உரிமையாளர்களும் எதிர்கொண்டார்கள். லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர் வகுத்த வழி இது: தொழிலாளர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தப்படும், அது கடன் வாங்கி உரிமையாளரின் பங்குகளை வாங்கும், நிறுவனம் ஆண்டுதோறும் தன் வருவாயிலிருந்து அறக்கட்டளைக்குத் தரும் தொகையால் கடன் அடையும், அடைய அடையப் பங்குகள் ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கிலும் பிரித்து வைக்கப்படும். தொழிலாளி தன் சட்டைப்பையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை. 1974-இல் அமெரிக்க ஓய்வூதியச் சட்டம் இதற்கு முறையான இடம் தந்தது. அங்கே இ.எஸ்.ஓ.பி. என்றால் இந்த அறக்கட்டளை முறைதான். முதல் கேள்வியில் வந்த, பங்கு வாங்கும் உரிமையையும் அதே சுருக்கப் பெயரால் அழைப்பதால் நேரும் குழப்பம் கொஞ்சமன்று. ஆலோசகரிடம் பேசும்போது எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்று தெளிவுபடுத்திவிடுங்கள்.

கெல்சோ முறையில் ஒரு சுமை பின்னால் காத்திருக்கிறது. ஓய்வுபெறும் ஒவ்வொருவரின் பங்கையும் அன்றைய மதிப்பில் திரும்ப வாங்கிக்கொள்ள நிறுவனம் பணம் வைத்திருக்க வேண்டும். உங்கள் நாற்பது பேரில் பத்துப் பேர் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓய்வுபெற்றால் ஒரு சிறு தொழிற்கூடம் அதைத் தாங்குமா என்று இப்போதே கணக்கிட வேண்டும்.

இந்தச் சுமை இல்லாத வேறொரு முறையை பிரிட்டனில் ஜான் ஸ்பீடன் லூயிஸ் 1929-இல் தொடங்கிவைத்தார். அவர் தம் கடைகளின் பங்குகளை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். தனிப்பட்ட எவருக்கும் பங்கு கிடையாது. லாபத்தில் ஒரு பகுதி, ஊதியத்தின் ஒரே விழுக்காடாக, மேலாளருக்கும் கடைநிலை ஊழியருக்கும் வழங்கப்படும். லாபம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 1953-க்குப் பிறகு முதன்முறையாக 2021-இல் அந்தத் தொகை நிறுத்தப்பட்டது. 2014-இல் பிரிட்டன், உரிமையாளர் தம் பெரும்பான்மைப் பங்கை இத்தகைய அறக்கட்டளைக்கு விற்பதற்கு வரிச் சலுகை தந்து சட்டம் இயற்றியபின் இம்முறை அங்கே சிறு நிறுவனங்களிடையே பரவியது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-இல் தொடங்கிய மோந்திராகோன் கூட்டுறவுகள் மூன்றாவது வழி. அங்கே சேருபவர் ஒரு தொகை கட்டி உறுப்பினராகிறார், ஆளுக்கொரு வாக்கு, லாபத்தில் அவர் பங்கு அவர் பெயரிலுள்ள மூலதனக் கணக்கில் சேர்கிறது. இது மிக நேர்மையான ஏற்பாடுதான். ஆயினும் இதுவரை முதலாளி சொல்லக் கேட்டே பழகிய ஒரு கூடத்தை ஒரே நாளில் இதற்கு மாற்றுவது கடினம்.

உங்கள் அளவுள்ள தொழிலுக்கு இரண்டாவது முறையே பொருந்தும் என்று நினைக்கிறேன். விலையை நீங்களும் தொழிலாளர்களும் பேசித் தீர்க்காமல், இரு தரப்புக்கும் கட்டுப்படாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் விடுங்கள். ஏழெட்டு ஆண்டுகளில் லாபத்திலிருந்து தவணையாகப் பெற்றுக்கொள்ளலாம். அதுவரை நீங்கள் கடன் கொடுத்தவராக இருப்பீர்கள் என்பதால், உங்களுக்குப் பின் தொழிலை நடத்தத் தெரிந்தவர்கள் இருப்பது உங்கள் பணத்துக்கும் காவல். எனவே பத்திரம் எழுதுவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே, மூன்று நான்கு பேரைத் தேர்ந்து கணக்குப் புத்தகத்தைப் படிக்கவும், விலை சொல்லவும், வாடிக்கையாளரிடம் பேசவும் பழக்குங்கள். சட்ட வடிவம் உங்கள் நாட்டின் விதிகளைப் பொறுத்தது. அதற்கு அனுபவமுள்ள வழக்கறிஞர் தேவை.

கேள்வி: எங்கள் நிறுவனம் நெருக்கடியில் இருக்கிறது. ஊதியத்தைக் குறைத்துக்கொண்டால் பங்கு தருகிறோம் என்கிறது நிர்வாகம். தொழிற்சங்கப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் என்ன சொல்வது?

பதில்: 1994-இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் விமானிகளும் இயந்திரப் பணியாளர்களும் வேறு பல ஊழியர்களும் ஊதியத்தை விட்டுக்கொடுத்து நிறுவனத்தின் 55 சதவீதத்தைப் பெற்றார்கள். விமானப் பணிப்பெண்களின் சங்கம் சேரவில்லை. இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தும் அன்றாட வேலையில் பழைய முறையே தொடர்ந்தது. 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது, பங்குகள் மதிப்பிழந்தன. பங்கு கொடுத்தாலே உழைப்பு பெருகும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, பங்கு மட்டும் தந்த நிறுவனங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. தொழிலாளர்களும் முடிவெடுப்பதில் கலந்துகொண்ட இடங்களில்தான் உற்பத்தித் திறனில் முன்னேற்றம் இருந்தது.

ஆகவே நிர்வாகத்திடம் பங்கின் எண்ணிக்கையைப் பேசுவதற்கு முன், கணக்குகளைச் சங்கத்தின் சொந்தத் தணிக்கையாளருக்குத் திறந்து காட்டக் கேளுங்கள். பங்குக்கு வாக்குரிமை உண்டா, ஆலையை விற்பது, மூடுவது போன்ற முடிவுகளில் அந்த வாக்கு செல்லுமா, நிலைமை சீரானால் குறைத்த ஊதியம் எந்தத் தேதியில் திரும்பும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். வாக்கில்லாத பங்கைப் பெற்றுக்கொண்டு ஊதியத்தைக் கொடுத்தால், உங்கள் உறுப்பினர்கள் அந்த நிறுவனத்துக்குப் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களாகவே இருப்பார்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக ஒரே நிறுவனம். என் சேமிப்பு அனைத்தும் அதன் பங்குகளில்தான் இருக்கிறது. சிலவற்றை விற்பது நன்றி மறப்பதாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் வீழ்ந்தபோது, அதன் ஊழியர்களின் ஓய்வுச் சேமிப்பில் பாதிக்கும் மேற்பட்டது அந்நிறுவனப் பங்குகளாகவே இருந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின. ஏமாற்று நடந்த நிறுவனம் என்பதால் அது நேர்ந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நேர்மையாக நடந்த மோந்திராகோன் குழுமத்தின் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான ஃபாகோரும் 2013-இல் மூழ்கியது. உறுப்பினர் பலருக்கு வேறு கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. போட்ட மூலதனம் கிடைக்கவில்லை. இத்தகைய ஆபத்தைக் கருதித்தான் அமெரிக்க அறக்கட்டளை முறையில், பத்தாண்டுகள் பங்கேற்று 55 வயதை எட்டியவர் தம் கணக்கின் ஒரு பகுதியை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சட்டமே தருகிறது.

மொத்தச் சேமிப்பில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை உங்கள் நிறுவனப் பங்காக இருக்கட்டும். மீதியை ஐந்து ஆண்டுகளில் சமமாகப் பிரித்து, ஆண்டுதோறும் ஒரே தேதியில், நிறுவன விதிகள் விற்க அனுமதிக்கும் காலத்தில், அன்றைய விலை என்னவாக இருந்தாலும் விற்றுவிடுங்கள். அந்தத் தேதியை இன்றே எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.