வள்ளியூர்ச் செம்மண்ணில் நிலம்பூர்த் தேக்கு நுனி காய்வது பற்றி

நிலம்பூர் விதையில் வந்த உங்கள் தேக்குக் கன்றுகள் வள்ளியூரில் நுனி காய்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீரைக் கூட்டினால் மட்டும் இது நிற்காது. பக்கத்துத் தோட்டத்துத் தேக்கு தாங்குகிற வெயிலில் உங்கள் கன்றுகள் மட்டும் நுனி காய்கின்றன என்றால், நான் முதலில் சந்தேகிப்பது விதை வந்த ஊரைத்தான்.

கேரளத்து நிலம்பூர் தென்மேற்குப் பருவமழையில் ஊறும் இடம். வள்ளியூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஆனி, ஆடியில் வெறும் காற்றுதான். எப்போது இலை உதிர்ப்பது, எப்போது துளிர்ப்பது என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்குண்டு. ஈரமான மலையடிவாரத்து மரங்களின் வாரிசுகள் இலையை விடாமல் கோடைக்குள் நுழையலாம். இலை வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும், நுனி கருகும்.

மாசி, பங்குனியில் இரண்டு தோட்டங்களையும் ஒரே நாளில் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்து மரம் மொட்டையாகவும் உங்களுடையது இலையோடும் நின்றால் சந்தேகம் வலுக்கும்.

அதற்கு முன், காய்ந்த கன்று ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் நாற்றுப் பையின் அடியில் சுருண்டது போலவே இருந்தால் விதை மேல் பழி போடாதீர்கள். பையில் அதிக நாள் கிடந்த நாற்று அது. அடியில் சுக்கான் பாறை (இறுகிய சுண்ணாம்புப் படிவு) தட்டினாலும் இதே கதைதான்.

பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா? பிடுங்க வேண்டாம். மழைக்கு முன் தரையோடு வெட்டிவிடுங்கள், தேக்கு மறுபடி தழைக்கும்; நேரான ஒரு கிளையை மட்டும் விடுங்கள். ஆனால் மரபு மாறாது, அடுத்த கடும் கோடையில் மறுபடி காயலாம்.

விட்ட இடத்தை நிரப்ப உள்ளூர் விதை எடுக்கிறீர்களா? சரி, ஆனால் ஒரே மரத்தடியில் பொறுக்காதீர்கள். தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து கலந்து எடுங்கள். திசு வளர்ப்புக் கன்று என்று, ஒரே மரத்தின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் பெருக்கிய ஒரே ரகத்தை விற்பார்கள். ஒன்றுக்கு ஆகாத வறட்சி எல்லாவற்றுக்கும் ஆகாது.