இறக்கத்தில் உருட்டினாலும் எடுபடாது: மின்சாரக் காரும் அதன் சின்ன பேட்டரியும்

கேள்வி: நேற்று நிறுத்தும்போது என் மின்சாரக் காரில் 70 வீதம் சார்ஜ் இருந்தது. இன்று காலையில் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே எரியவில்லை. 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டது என்கிறார்கள். அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது இது எதற்கு? இறக்கத்தில் உருட்டிப் பார்க்கலாமா?

பதில்:

நீங்கள் எங்கள் இலங்கை மலைநாட்டுப் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இறக்கத்தில் உருட்டலாமா என்று வேறு ஊர்க்காரர் யாரும் முதலில் கேட்கமாட்டார். இங்கே பேட்டரி இறங்கிய வண்டிக்கு இறக்கம்தான் மருந்து. இரவு நிறுத்தும்போதே மூக்கை இறக்கத்துக்குத் திருப்பி, டயருக்குக் கல் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் காருக்கு அது நடக்காது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். யாராவது "பெரிய பேட்டரி போய்விட்டது, இலட்சக்கணக்கில் முடியும்" என்று சொன்னால் அதையும் இப்போதைக்கு நம்பாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

2021. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம். நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சிக்னல் கிடையாது. தேயிலை மலைக்கு மேலே, ரோடு திரும்புகிற ஒரு முடக்கில்தான் இரண்டு கோடு வரும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் என் நிசான் லீஃப் மின்சாரக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து ஸூமில் வகுப்பு எடுப்பேன்.

அங்கேதான் பிழை செய்தேன். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் ரேடியோவும் விளக்கும் போன் சார்ஜரும் வேலை செய்யும், ஆனால் பச்சை நிற ரெடி விளக்கு வராது. பெரிய பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று எண்ணி, நான் அப்படியே வைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. இப்படி நிறுத்தி வைத்துப் பாவிக்கும்போது, ரெடி வந்தால்தான் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு மின்சாரம் இறங்கும். ரெடி இல்லையென்றால் எல்லாவற்றையும் அந்தச் சின்ன பேட்டரியே சுமக்கிறது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று உள் விளக்கையும் போட்டிருந்தேன். இப்படி மூன்று வாரம்.

ஒரு நாள் ஆறரை மணிக்கு வகுப்பு முடிந்தது. பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினேன். ரிலே (மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு தரம் டிக் டிக் என்றது, மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக மின்னியது, பிறகு இருட்டு. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. சிறுத்தை நடமாட்டம் உள்ள மலை அது.

டவுனில் ஒரு கராஜுக்கு போன் போட்டேன். காரைப் பார்க்காமலே அங்கிருந்தவர், "மெயின் பேட்டரி செத்துட்டு சேர், அது மாத்துற காசுக்கு வேற கார் எடுக்கலாம்" என்றார். லீசிங் கட்ட இன்னும் இருபத்தாறு மாதம் பாக்கி. ரோட்டோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து வந்தவர்கள் கூடினார்கள். "நாலு பேர் கைவச்சா போயிரும் சேர், இறக்கந்தானே" என்று தள்ளினார்கள். அசையவில்லை. லீஃபில் நிறுத்தும்போது பீ-யில் (பார்க்) விழுகிற பூட்டை எடுப்பதற்கும் அதே 12 வோல்ட்தான் வேண்டும். அது இல்லையென்றால் முன்சக்கரம் பூட்டியபடியே நிற்கும். பூட்டை எடுத்து உருட்டினாலும் பலன் இல்லை. உருட்டிப் பிடிக்க வைப்பதற்கு உள்ளே இன்ஜினே கிடையாது.

சின்ன பேட்டரி எதற்கு என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. பெரிய பேட்டரி ஏறக்குறைய 360 வோல்ட். காரை அணைத்திருக்கும்போது அந்த வோல்டேஜ் வயரில் ஓடினால் ஆளைக் கொல்லும். அதனால் பெரிய ரிலேக்கள் அதைத் துண்டித்தே வைத்திருக்கும். அந்த ரிலேக்களை இழுத்துச் சேர்ப்பதும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் 12 வோல்ட்தான். ரிலே சேர்ந்தபிறகே பெரியது சின்னதற்கு ஊட்டும். சின்னது அடியோடு இறங்கிவிட்டால் சார்ஜரைச் செருகினாலும் ஏறாது.

அந்த நேரம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று வந்தது. டிரைவர் அண்ணன் நல்ல மனசோடு, "என் பேட்டரியில வயர் போடுவோம் சேர்" என்றார். மறுத்துவிட்டேன். அவருக்கு மனவருத்தம். ஆனால் அந்த லொறிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஓடுகிறது. அதைக் கொடுத்திருந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் எரிந்திருக்கலாம். உதவி செய்ய வருகிறவரிடம் முதலில் அவர் வண்டி எத்தனை வோல்ட் என்று கேளுங்கள்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு த்ரீவீல் ஆட்டோ. பின்னால் இருந்த பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார் அந்தத் தம்பி. "இவ்ளோ பெரிய காருக்கு இது காணுமா சேர்?" என்று கேட்டார். காணும். பெற்றோல் காரில் ஸ்டார்ட்டர் மோட்டரைச் சுற்றத்தான் அவ்வளவு கரண்ட் தேவை. மின்சாரக் காரில் சுற்ற ஒன்றுமில்லை, ரிலேயும் கம்ப்யூட்டரும் விழித்தால் சரி. சிவப்பு வயரை முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸிலும் பிறகு அவருடையதன் பிளஸ்ஸிலும் போட்டோம். கறுப்பை அவருடைய மைனஸிலும், மறுமுனையை என் காரின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் பிடித்தோம். பிரேக்கை மிதித்து அழுத்தினேன். ரெடி வந்தது. பெரிய பேட்டரியில் 61 வீதம், ஒன்றும் ஆகாமல் அப்படியே இருந்தது. வயர்களை வந்த வழியே திரும்பக் கழற்றினோம்.

நீங்களும் இதையே செய்யலாம். ரிமோட் வேலை செய்யாவிட்டால் அதற்குள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறவுங்கள். பொனெட் நெம்புகோல் கேபிளில் ஓடுவது, அதற்குக் கரண்ட் வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். ரெடி வந்தபிறகு ஒரு மணி நேரமாவது அணைக்காமல் விடுங்கள். பிளஸ் மைனஸ் மாறாமல் பார்க்க டோர்ச் அடித்து இரண்டு தரம் சரிபாருங்கள், எங்கள் ஊர் மழையில் எழுத்து அழிந்திருக்கும். உங்கள் காரை வைத்து மற்றவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கொடுக்கவேண்டாம். லீஃபின் கையேடே வேண்டாம் என்கிறது.

"பெற்றோல் கார் என்றால் இந்தத் தலையிடி இல்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். பெற்றோல் காரிலும் இதே பேட்டரிதான் இறங்குகிறது. ஒரு வித்தியாசம் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். பெற்றோல் காரில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றி, பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். மின்சாரக் காரில் அந்த முனகல் இல்லை. இன்று ஓடும், நாளை செத்திருக்கும். அதனால் நாம்தான் பார்க்கவேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, இரவு முழுக்க நின்ற காரில் காலையில் அளந்து பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.4க்குக் கீழே அடிக்கடி போனால் தேடத் தொடங்குங்கள். 12க்குக் கீழே என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஈயப் பேட்டரிக்குக் குளிர் ஆகாது; நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். நான் மார்கழி பிறக்கும் முன்பே அளந்துவிடுவேன். மாற்றுவது 10ஆம் நம்பர் ஸ்பேனர் வேலைதான், நானே மாற்றினேன்.

அன்று கூட்டத்தில் ஒருவர், தோட்டத்து ஆள்கூட இல்லை, வேடிக்கை பார்க்க நின்றவர், "லயத்துக்காரனுக்கு எதுக்குக் கரண்ட் கார்" என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023இல் நாங்கள் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்து 200 வருடம் என்று விழா எடுத்தார்கள். என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். இன்னும் அந்த லயத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) எங்கள் பேரில் உறுதிப் பத்திரம் இல்லை. கடிதம் தோட்ட ஆபிசுக்குத்தான் வருகிறது. கார் சார்ஜ் பண்ண எர்த் பிடித்த ஒரு 15 ஆம்ப் பிளக் போடுவதற்கு, வீடு உங்களுடையது இல்லையே என்று ஏழு மாதம் அலைக்கழித்தார்கள். என் வகுப்பில் 34 பிள்ளைகள், அந்த முடக்கில் நின்று நான் கத்தியது கேட்டது 11 பிள்ளைகளுக்கு. மற்ற வீடுகளில் போன் இல்லை. அவர் காரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இதைப் பார்த்து யாராவது கேட்டிருக்கலாம்.

2022இல் பெற்றோல் கியூவில் ஊரே இரவு பகலாக நின்றது. கரண்ட் வெட்டும் இருந்ததால், வருகிற சில மணி நேரத்துக்குள் பிளக்கில் போட்டு எடுப்பேன். அந்த நாட்களில் எங்கள் டிவிஷனிலிருந்து மூன்று பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தக் கார்தான். அதற்கு முன்தினமே சின்ன பேட்டரியை அளந்து வைத்திருந்தேன்.

உங்கள் பேட்டரி கடைசியாக எப்போது மாற்றியது, ரெடி போடாமல் ரேடியோ கேட்பதுண்டா, ஃபியூஸ் பெட்டியில் டேஷ்கேம் (ரோட்டைப் படம் பிடிக்கும் கேமரா) ஏதும் நேரடியாகக் கட்டியிருக்கிறதா என்று எழுதுங்கள். புதுப் பேட்டரியும் ஒரு வாரத்தில் இறங்கினால் அந்த டேஷ்கேம் வயரை முதலில் கழற்றிப் பாருங்கள்.